நாலு என்று சொன்ன வலி

சோபா விற்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். தன் கடை சோபாவில் ஒரு நிமிடம்கூட உட்காராமல் விற்கிறவள் அண்ணி ஒருத்திதான்.

விடாமல் படித்து வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் வண்டியில் ஏறியவர்களுக்கு: கடைத்தெருத் திருப்பத்தில் இருக்கும் சோபா கடை அண்ணனுடையதும் அண்ணியுடையதும். பின்கட்டில் மெத்தை உறை தைப்பவள் அண்ணனின் தங்கை. பஞ்சிலும் நுரையிலும் புரண்டு புரண்டு, சொந்தப் பெயர் மறைந்து பஞ்சு என்றே ஆகிவிட்டவள். அண்ணிக்கு மாதக்கணக்காக உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால், முதுகெலும்பு முடிகிற அடிக்கட்டையில் காய்ச்சிய ஆணியை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. இருமினால் அந்த ஆணிக்கு ஒரு சுத்தியலடி. நின்றால் சமாளிக்கலாம். ஒருக்களித்துப் படுத்தால் சொர்க்கம்.

ஸ்கேன் படத்தில், அடிமுதுகு நரம்பு ஒன்றின் உறை ஊதிப் போய் நீர்ப்பை மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்த முதல் டாக்டர், "இது நிறையப் பேருக்கு இருக்கும், ஒண்ணும் பண்ணாது" என்றார். அண்ணனுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்தது. இரண்டாவது டாக்டர் பையை விட்டுவிட்டு, பக்கத்து எலும்புகளுக்கு நடுவிலிருந்த டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டு, உடற்பயிற்சிக்கு அனுப்பினார். மூன்றாவதாகப் பார்த்த நரம்பு அறுவை டாக்டர் அம்மாதான், "இந்தப் பைதான் காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதையே கேட்டுப் பார்த்துடுவோம்" என்று சொன்னார்.

கேட்கப் போகிற நாள் இதுதான்.

*

ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வரிசையாக நாற்காலிகள். அண்ணன் ஒன்றில், பஞ்சு ஒன்றில். அண்ணி சுவரோரம் நின்று, தீயணைப்பு உருளையை எப்படி இயக்குவது என்ற குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு மனப்பாடம். இந்தக் கட்டடம் தீப்பிடித்தால் முதலில் காப்பாற்றப் போகிறவள் அவள்தான்.

"இந்தா பாரு," என்று அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு வலிக்குதுன்னு கேப்பாங்க. எடுத்த எடுப்புல பெருசா சொல்லி வைக்காத."

"ஏன்?" என்றாள் பஞ்சு.

"நீ சும்மா இரு. நமக்கு இது வேணும்னு காட்டிக்கிட்டோம்னா முடிஞ்சுது. பத்துன்னு சொன்னா பதினஞ்சுக்கு வைத்தியம் பார்ப்பாங்க."

"அண்ணே, இது திரைச்சீலை வாங்குற கடை இல்ல."

"எல்லாம் கடைதான். கதவுல எழுதியிருக்கிறதுதான் வேற."

அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேரத்தில் பிழைத்தது. தேவையை முகத்தில் காட்டாதே என்பது முதல் விதி. இரண்டாவது விதி அதைவிடக் கெட்டி: சொன்ன விலை இறங்கலாம், ஒருநாளும் ஏறக்கூடாது. வாய்விலையை ஏற்றுகிறவன் வியாபாரியே இல்லை, வழிப்பறிக்காரன். அண்ணி இந்த வீட்டுக்கு வாழ வந்தவள்தான். ஆனால் பிறந்தவர்களைவிட அவள் கைதேர்ந்தவள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மா மெல்லிய உடம்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, அவசரமே இல்லாத பேச்சு.

"பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு எண் சொல்லுங்க. உட்கார்ந்தா எவ்வளவு வலி?"

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். சரக்கைப் புரட்டிப் பார்க்கிறவளின் முகம்.

"நாலு."

பஞ்சுவுக்குப் புரை ஏறியது. முந்தின நாள் சாயங்காலம் செருப்பு வாரைப் போடக் கட்டில் விளிம்பில் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு எழுந்த அண்ணி இவள்தானா?

"நாலா? நல்லது," என்றார் டாக்டர். "அப்ப ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன். நாலுக்கு நான் கத்தி எடுக்கிறதில்ல."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாபம் கண்ட முகம்.

அண்ணியின் கை மட்டும் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தது. நாலு என்று சொன்னாகிவிட்டது. இறக்கலாம். ஏற்ற முடியாது.

*

டாக்டர் திரையில் படத்தைக் கொண்டுவந்தார். அண்ணி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாளில் அந்தப் படத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பஞ்சு அவளுக்கும் சேர்த்துப் பார்த்தாள், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு.

"இந்த வெள்ளையா இருக்கிறதா டாக்டர்?"

"ஆமா. நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கு. மூளையிலேர்ந்து முதுகுத்தண்டு வழியா வர்ற தண்ணி அதுல லேசா ஓடிட்டிருக்கும். இவங்களுக்கு வலது பக்கம் உறை ஒரு இடத்துல ஊதிடுச்சு. தண்ணி உள்ள போக வழி இருக்கு, வெளிய வர வழி குறுகல்."

"எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா மாதிரி. வருவாரு, போக மாட்டாரு."

டாக்டர் சிரித்தார். "உட்கார்ந்தா, இருமினா, தண்ணி இன்னும் அழுத்தமா உள்ள போகும். படுத்தா அழுத்தம் குறையும்."

"அதான் படுத்தா சொர்க்கமா," என்றாள் பஞ்சு. "பையை அப்படியே அறுத்து எடுத்துட முடியாதா?"

"அதுதான் முடியாது. பையோட சுவர்லயே நரம்பு இழை ஓடுது. சிறுநீர், மலம் எல்லாத்தையும் அடக்கி வைக்கிற நரம்பு. பின்னாடி எலும்புல சின்னதா ஒரு ஜன்னல் திறக்கணும். பையைத் திறந்து தண்ணியை வடிக்கணும். தொளதொளன்னு இருக்கிற உறையைச் சுருக்கி, இழை மாட்டாம தைக்கணும். திரும்பத் தண்ணி ஏறாம, பையோட வாயில கொஞ்சம் கொழுப்பும் பசையும் வெச்சு அடைக்கணும்."

"மெத்தை உறை பெருசாயிட்டா நான் உள்பக்கமா மடிச்சுப் பிடிச்சுத் தைப்பேனே, அப்படியா?"

"கிட்டத்தட்ட. ஆனா உங்க உறைக்குள்ள உயிர் இல்ல. தப்பா தைச்சா பிரிச்சுடலாம். இங்க பிரிக்கிற வசதி கிடையாது." டாக்டர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "அதனாலதான் இந்தப் பைதான் குற்றவாளின்னு நிச்சயமா தெரியாம நான் தொட மாட்டேன். இன்னிக்கு ஊசியில தண்ணியை உறிஞ்சப் போறேன். தோலுக்கு மட்டும்தான் மரத்துப்போற மருந்து, நரம்புக்குக் கிடையாது. நரம்பையும் சேர்த்து மரத்துப்போக வெச்சுட்டா வலி எதனால போச்சுன்னு எனக்கே தெரியாது. பை சுருங்குனதும் வலி போச்சுன்னா, பைதான். போகலைன்னா வேற ஏதோ. அது கொஞ்ச நேரம்தான், திரும்ப நிரம்பிடும். அந்தக் கொஞ்ச நேரத்துல நீங்க உட்காரணும். சாயங்காலம் வந்து எனக்குச் சரியான கணக்குச் சொல்லணும். எனக்கு வேற சாட்சி இல்ல. நீங்கதான் சாட்சி."

அண்ணி தலையாட்டினாள். சாட்சிக்கூண்டில் ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு பொய் சொல்லியாகிவிட்ட சாட்சி.

*

ஊசி போட்ட அறைக்குள் பஞ்சுவை விடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்ததெல்லாம் பெரிய வளைய இயந்திரம், அதன் வாய்க்குள் குப்புறப் படுத்திருந்த அண்ணியின் பாதங்கள். டாக்டர் ஊசியை வைப்பார், வெளியே வருவார், திரையில் பார்ப்பார், உள்ளே போய் ஒரு நூலளவு நகர்த்துவார். கதவிடுக்கில் ஈர்க்குச்சி விட்டுத் தாழ்ப்பாளைத் தேடுகிற மாதிரி நிதானம்.

முடிந்ததும் பஞ்சு கேட்டே விட்டாள்.

"அந்தத் தண்ணியை நான் பார்க்கலாமா?"

டாக்டர் ஊசிக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நிறமில்லை, கலங்கல் இல்லை. ஒரு தேக்கரண்டி இருக்கும்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ஊரையே உட்கார வைக்கிற பொம்பளையை இத்தனை மாதமாக நிற்க வைத்தது ஒரு தேக்கரண்டித் தண்ணீர். பஞ்சுவுக்கு அந்தக் கரண்டியின் மேல் மரியாதை வந்துவிட்டது.

மதியம் வரை அண்ணியைப் படுக்க வைத்திருந்தார்கள். தலைவலி ஏதும் வரவில்லை என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கடை இரண்டு தெரு தள்ளித்தான்.

*

கடையில் எந்தச் சோபாவில் முதலில் உட்காருவது என்று ஒரு சின்ன மாநாடே நடந்தது.

"சாம்பல் கலர்ல," என்றார் அண்ணன். "வாசல்லேர்ந்து தெரியும்."

"என்னங்க, இது வைத்தியமா, விளம்பரமா?"

"ரெண்டும் ஒண்ணா நடந்தா வேண்டாம்னா சொல்றே?"

அவர் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. முதலாளியம்மா தன் சோபாவில் உட்காருவதில்லை என்று தெருவே பேச ஆரம்பித்திருந்தது. அண்ணி அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்ததில்லை. வாடிக்கையாளரிடம் நோயைச் சொல்வது, பழத்தட்டில் அழுகினதை மேலே அடுக்குகிற மாதிரி என்பது அவள் கட்சி. போன வாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து, எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் உட்காரவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார்கள். "எனக்கு நின்னே பழக்கம்" என்றாள் அண்ணி. அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

அண்ணி சாம்பல் நிறச் சோபாவின் முன்னால் நின்றாள். கண்ணை மூடினாள். கைகளை ஊன்றி, வெந்நீரில் இறங்குகிறவள் மாதிரி மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள்.

பஞ்சு குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணி ஒரு கண்ணைத் திறந்தாள். "இல்ல."

"என்ன இல்ல?"

"வலி இல்ல."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே இல்லாத தூசியைத் துடைத்தார்.

அண்ணி லேசாகக் குதித்துப் பார்த்தாள். வலது பக்கம் சாய்ந்தாள். வேண்டுமென்றே இருமினாள். இடது செருப்பை உதறிவிட்டுக் குதிகாலைக் கம்பளத்தில் தேய்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி? வந்துடுச்சா?"

"வலி இல்ல பஞ்சு, நுரை. நடுவுல பள்ளம் விழுது. இதையா நான் ராஜா ஆசனம்னு வித்துக்கிட்டிருந்தேன்?"

"நின்னுக்கிட்டே வித்தா எல்லாம் ராஜா ஆசனம்தான்," என்றாள் பஞ்சு.

அந்த மதியம் அண்ணி கடையிலிருந்த எல்லாவற்றிலும் உட்கார்ந்தாள். சாய்வு நாற்காலி, முக்காலி, குழந்தைகளுக்கான குட்டி நாற்காலி. ஒவ்வொன்றையும் பற்றி ஒரு தீர்ப்பு. இரண்டைப் பின்கட்டுக்கே திருப்பி அனுப்பினாள். பஞ்சுவுக்கு வேலை கூடியது, ஆனால் வாய் காதுவரை இருந்தது.

வெயில் சாயும்போது, போன வாரத்துப் புருஷனும் பெண்டாட்டியும் திரும்ப வந்தார்கள். அண்ணி பச்சை நிறச் சோபாவில் கால்மேல் கால் போட்டு இருந்தாள்.

"அட, உட்கார்ந்திருக்கீங்க," என்றாள் அந்தப் பெண்டாட்டி.

"வாங்க, பக்கத்துல உட்காருங்க. உட்கார்ந்து பேசினாத்தான் சோபா பேசும்."

அண்ணன் கல்லாவில் இருந்தபடி கண்ணால் கும்பிட்டார். பேச்சு நன்றாக ஓடியது. துணி, நிறம், வீட்டுக் கதவு அகலம். நிறத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட, அண்ணி இருவர் பக்கமும் நியாயம் சொன்னாள்.

அப்போதுதான் பஞ்சு கவனித்தாள். அண்ணி மேலே போட்டிருந்த காலை இறக்கினாள். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கை, சோபாவின் கைப்பிடியைப் பிடித்தது. விரல் கணுக்கள் வெளுத்தன. பேச்சு நிற்கவில்லை, சிரிப்பும் மாறவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை.

பை நிரம்பிக்கொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்தால் விற்பனை முடிந்துவிடும். இப்போது எழுந்தால், முதலாளியம்மாவே தாங்க முடியாமல் எழுந்துவிட்ட சோபா என்று ஆகிவிடும். அண்ணன் கல்லாவிலிருந்து, உட்கார் உட்கார் என்று உள்ளங்கையால் காற்றை அமுக்கினார்.

அண்ணி எழுந்துவிட்டாள். கைப்பிடியைப் பிடித்தபடி, முனகல் வெளியே தெரிகிற மாதிரியே எழுந்தாள்.

"சோபா மேல குறை இல்லைங்க," என்றாள். "என் முதுகுலதான். அடி எலும்புல ஒரு நீர்ப்பை இருக்கு. உட்கார்ந்தா உயிர் போகும். இன்னிக்கு ஊசி போட்டதால கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இப்ப முடியல."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யோ," என்றாள் அந்தப் பெண்டாட்டி. "இதுக்கா போன வாரம் அவ்வளவு முறுக்கிக்கிட்டீங்க? அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே வாங்கியிருப்போமே. நாங்க சோபாவுக்குள்ள மூட்டைப்பூச்சி இருக்குன்னு நினைச்சுட்டுப் போனோம்."

பச்சை நிறச் சோபா விற்றுப்போனது. புருஷன் கேட்ட நீலம் எடுபடவில்லை, அது அவர்கள் வீட்டு விவகாரம்.

அண்ணி சுவரில் சாய்ந்து நின்றபடி, அவர்கள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருட வியாபாரத்தில் குறையைச் சொல்லிச் சரக்கை விற்றது இதுதான் முதல் தடவை.

*

சாயங்காலம் அதே டாக்டர் அறை. அண்ணி நின்றாள். அதைப் பார்த்து டாக்டரும் எழுந்து நின்றுகொண்டார். அண்ணனுக்கும் பஞ்சுவுக்கும் உட்காரக் கூச்சம். நாலு பேரும் நின்றார்கள், நாலு நாற்காலிகள் சும்மா இருந்தன.

"சொல்லுங்க."

அண்ணன் முந்திக்கொண்டார். "நல்ல முன்னேற்றம் டாக்டர். மதியம் சுத்தமா வலி இல்ல. இப்பக் கொஞ்சம் திரும்பியிருக்கு, அதே நாலு. இந்த ஊசியையே அப்பப்பப் போட்டுக்கலாம்ல? கத்தி வரைக்கும் போகணுமா?"

"ஊசி ஒவ்வொரு தடவையும் நரம்பு பக்கமாத்தான் போகுது. அதிர்ஷ்டத்தை எத்தனை தடவை சோதிக்கிறது? இன்னிக்கே பாருங்க, மதியம் போய் சாயங்காலம் வந்துடுச்சு."

"இல்ல டாக்டர், அந்த நரம்புன்னு சொன்னீங்களே. அதுல ஏதாவது ஆயிட்டா…" அண்ணன் குரல் பேரத்திலிருந்து எங்கோ இறங்கிவிட்டது. "இவ இப்ப நிக்கவாவது நிக்கிறா. அதுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவர் பேசியது எதுவும் சிக்கனமில்லை, பயம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தேவையை மறைக்கிற கலையில் அவள் புருஷன் அவளுக்கே அண்ணன்.

"பயம் நியாயம்தான்," என்றார் டாக்டர். "அந்த நரம்புகளை அறுவை முழுக்கக் கண்காணிக்க ஆள் வெச்சுத்தான் செய்வேன். ஆனாலும் ஆபத்தே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நாலுக்கு அந்த ஆபத்து தகாது. அதனால இவங்க சொல்லட்டும். எவ்வளவு வலி?"

"விலை ஏறுது டாக்டர்," என்றாள் அண்ணி.

அண்ணன் அதிர்ந்து போனார். மூன்று தலைமுறையில் அந்த வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை.

"இப்ப ஒன்பது. காலையில நாலுன்னு சொன்னேனே, அதுவும் ஒன்பதுதான். போன மாசம் வந்தப்பவும் ஒன்பதுதான்."

"பத்து இல்லையே?"

"பத்துதான். பத்துன்னா நம்ப மாட்டீங்கன்னு ஒண்ணு தள்ளுபடி பண்ணிச் சொன்னேன்."

பஞ்சு சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்தினாள். கண் மட்டும் ஈரமாயிருந்தது.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சரி. பத்து. பை சுருங்குனதும் போச்சு, நிரம்புனதும் வந்துச்சு. சாட்சி போதும். வலது பக்கத்துப் பையைத் திறக்கிறேன்."

அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கடையில் காற்றை அமுக்கிய உள்ளங்கை, இந்தத் தடவை எதையும் அமுக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தது.

"கடைசியா ஒண்ணு," என்றார் டாக்டர். "மதியம் நல்லா இருந்த நேரத்துல என்ன எண்? பூஜ்யமா?"

பூஜ்யம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கே சுபமாக முடிந்திருக்கும். ஒரு நாளில் இரண்டு தடவை உண்மை பேசினவளுக்கு மூன்றாவது தடவை நிறுத்தத் தெரியவில்லை.

"ஒண்ணு."

"ஒண்ணா? அந்த ஒண்ணு எங்க இருந்துச்சு?"

"இடது குதிகால்ல. எறும்பு ஊருற மாதிரி ஒரு எரிச்சல். ரொம்ப நாளா இருக்கு. சின்ன விஷயம்னு நான் சொல்லல. ஊசி போட்டும் அது மட்டும் அப்படியே இருக்கு."

உதறிய செருப்பும், கம்பளத்தில் தேய்ந்த குதிகாலும் பஞ்சுவுக்கு ஞாபகம் வந்தன. அவள் அதைச் சுகம் என்று நினைத்திருந்தாள்.

டாக்டர் திரையை எழுப்பினார். பெரிய வெள்ளைப் பையைத் தாண்டி, இடது பக்கம் போனார். அங்கே நெல்மணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்று டாக்டர்களும் பார்த்து, மூன்று பேரும் கணக்கில் சேர்க்காத புள்ளி.

"அப்ப நீ யாரு?" என்று டாக்டர் தனக்குள் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கும் ஒரு ஜன்னலா டாக்டர்?" என்றாள் பஞ்சு.

"தெரியல. ஒரு ஜன்னலா, ரெண்டான்னு இதையும் ஊசி வெச்சுக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

அண்ணன் வாயைத் திறந்தார். பேரம் பேச எதுவும் கிடைக்காமல் மூடிக்கொண்டார்.

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள். இத்தனை நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி, தன் முதுகெலும்பை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கொஞ்சம் பெருசு பண்ணுங்க டாக்டர்," என்றாள். "நானும் பார்க்கணும்."

நெல்மணி திரையில் வளர்ந்து எலுமிச்சை அளவு ஆனது. அதன் ஓரத்தில் கறுப்பாக, நூலைப் போல, டாக்டர் சொன்ன நரம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.